கேட்டுக்கு வெளியே நிற்கிறவள்

குழந்தைகளுக்குக் கல் வைக்க அனுமதி இல்லை. மயான அலுவலகத்தில் நான் வந்து உட்கார்ந்த முதல் வாரமே எனக்கு மனப்பாடமான விதி இது. பெரியவர்களுக்கு வைக்கலாம். அதற்கு விண்ணப்பம் எழுத வேண்டும், வரைபடம் தர வேண்டும், அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வடக்கு மதிலோரம் ஒரு துண்டு நிலம், அதில் ஆளுக்கொரு மண்மேடு, அவ்வளவுதான். கொஞ்ச வருடத்தில் அதே இடத்தை மறுபடி தோண்ட வேண்டியிருக்கும் என்பது காரணம். அந்த விதியை நான் எழுதவில்லை. ஆனால் நானே எழுதியதைப் போலக் காப்பாற்றினேன்.

பொம்பளைப் பிள்ளைக்குச் சுடுகாட்டு உத்தியோகமா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். மாநகராட்சியில் எங்கே போட்டாலும் போய்த்தான் ஆக வேண்டும். தவிரவும் செத்தவர்கள் யாரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாம் உயிரோடு இருப்பவர்கள்தான். அப்பாவின் கல்லில் யார் பெயர் முதலில் வருவது என்று அண்ணன் தம்பிகள் என் மேசைக்கு முன்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பட்டுக்கடைக்காரர் அம்மாவின் கிரானைட் கல்லைச் சுற்றிப் புடவைக்கு நெய்கிற மாதிரித் தாழம்பூ ரேக்கு பார்டர் செதுக்கிக்கொண்டு வந்தார். பார்டர் அழகாகத்தான் இருந்தது. உயரம் நான்கு விரல் கூட. டேப்பை வைத்து அளந்து காட்டித் திருப்பி அனுப்பினேன். கோயில் சிற்பியிடம் செய்தது என்று கெஞ்சினார். சாமி சிலை என்றாலும் இந்தக் கேட்டுக்குள் நான்கு அடிதான் என்றேன். அப்படி ஒரு திமிர் எனக்கு இருந்தது.

என் பதிவேட்டில் தப்பு இருக்காது என்பதிலும் அதே திமிர்தான். எங்கள் ஊரில் சில நெசவாளர் வீடுகளில் இறந்தவரை உட்கார வைத்து அடக்கம் செய்வார்கள். அதற்குக் குழியின் அளவு வேறு, ஓதுவார் வந்து பாடி முடிக்க நேரம் வேறு. எந்த வீட்டுக்கு எந்த மாதிரிக் குழி, எந்த வரிசையில் யார் என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமலே சொல்வேன். குழந்தைகள் பகுதிக்கு மட்டும் வரிசையும் கிடையாது, எண்ணும் கிடையாது. 'குழந்தைகள் பகுதி, வடக்கு' என்று எழுதினால் போதும். அது எனக்கு ஒரு குறையாகப் பட்டதே இல்லை.

அந்தப் பெண்ணை நான் முதலில் பார்த்தது ஓர் ஆடி அமாவாசை காலையில். கேட்டுக்கு வெளியே, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் வாழையிலையில் சுற்றிய பூ. அமாவாசைக்கு யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் கூட்டம் அதிகம். வருகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். இவள் அவர்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றாள். நான் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தபோது, "அக்கா, நீங்க உள்ள வேல பாக்குறீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா. என்ன வேணும்?"

"என் பாப்பா உள்ள இருக்குது."

பதினோரு மாதப் பெண் குழந்தை. காய்ச்சல், மூன்றே நாள். பதிவு செய்தது நான்தான் என்பதால் எனக்கும் நினைவு வந்தது. பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். பூவை என் பக்கம் நீட்டி, "இத்த கொஞ்சம் பாப்பாகிட்ட வெச்சிடுறீங்களாக்கா?" என்றாள்.

நான் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இது என்ன கூரியர் ஆபீஸா? வீட்டு ஆம்பளைங்களை அனுப்பும்மா."

"அவரு வரமாட்டாருக்கா. அன்னிக்கு வந்துட்டுப் போனதுலருந்து இந்த ரோட்டுப் பக்கமே வரமாட்டேங்கிறாரு. சுத்திக்கினு போறாரு."

"அப்போ நீயே உள்ள வா. யாரு தடுத்தா?"

அவள் தலையை ஆட்டினாள். பெற்றவள் குழியைப் பார்த்தால் அடுத்தது தங்காது என்று மாமியார் சொல்லியிருக்கிறாள். மாமியார் மட்டுமல்ல, ஊரே அப்படித்தான் சொல்லும். குழந்தை போனால் பதினாறு கிடையாது, படம் மாட்டுவது கிடையாது, திதி கிடையாது. ஆண்கள் இருவர் கையில் ஏந்திக்கொண்டு வந்து, வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அம்மாவுக்கு இடம்கூடச் சொல்ல மாட்டார்கள். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்களிடம் அவள் கேட்டிருக்க முடியாது. ஒரு புடவையைப் பார்த்ததும் வாய் திறந்திருக்கிறாள். அது புரிந்த பிறகும் வேண்டா வெறுப்பாகத்தான் பூவை வாங்கினேன்.

"எது பாப்பான்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"தலைமாட்டுல நாடா நட்டு வெச்சிருக்காராம்."

தறியில் ஊடை இழையைக் கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுமே, அந்த மரத்து நாடா. முனை தேய்ந்து வேலைக்கு ஆகாமல் போன ஒன்றை அடுத்த நாள் காலையில் கொண்டுவந்து ஊன்றிவிட்டுப் போயிருக்கிறான் புருஷன். போய்ப் பார்த்தேன். முப்பது நாற்பது மேடுகளுக்கு நடுவில் அது தனியாகத் தெரிந்தது. ஒரு முழம் கனகாம்பரத்தை அதன் மேல் போட்டுவிட்டு வந்தேன்.

"வெச்சீங்களாக்கா?"

"வெச்சேன்."

"காஞ்சிருக்குதா மண்ணு?"

"காஞ்சிருக்கு."

அதற்குப் பிறகு அமாவாசை தவறாமல் வந்தாள். ஆவணியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று. நானும் கேட்டு வரை போய் வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டேன். அவள் நின்று இரண்டு வார்த்தை பேசுவாள். முதல் பிறந்தநாளுக்கென்று கணவன் வெட்டு மிச்சப் பட்டில் பாவாடை தைக்கக் கொடுத்திருந்தானாம், தையல்காரர் இப்போது அதைத் திருப்பிக் கொடுக்கவும் மாட்டாமல் வைத்துக்கொள்ளவும் மாட்டாமல் இருக்கிறாராம். அதைக் கேட்டுவிட்டு வந்தால் எனக்கு வேலை ஓடாது. பிறகு உள்ளே போய் யாரையாவது டேப்பைக் காட்டி மிரட்டினால் சரியாகிவிடும்.

புரட்டாசிக் கடைசியில் ஓர் அதிகாரி மயானத்தைப் பார்வையிட வருகிறார் என்று சொன்னார்கள். இடம் சுத்தமாக இருக்க வேண்டும். நான் ஒப்பந்த ஆட்களை நிற்க வைத்து வேலை வாங்கினேன். வடக்கு மதிலோரம்தான் ஒரே குப்பை. பால் பாட்டில், கிலுகிலுப்பை, பிளாஸ்டிக் வளையல், கிழிந்த சொக்காய், குச்சிகள். விதிப்படி அங்கே எதுவுமே இருக்கக் கூடாது. "அந்தப் பக்கம் ஒண்ணு விடாம வாரிடுங்கப்பா" என்று நான் சொன்னேன், என் வாயால். மத்தியானம் அந்தப் பக்கம் போனபோது நிலம் துடைத்துவிட்டதைப் போல இருந்தது. லாரி கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அப்போதுதான் எனக்கு நாடா நினைவுக்கு வந்தது.

அதிகாரி வந்தார், பார்த்தார், நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்றார். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் பெய்த மழையில் மேடுகள் கரைந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன.

ஐப்பசி அமாவாசைக்குப் பூவை வாங்கிக்கொண்டு நான் அந்த ஓரத்தில் மேடு மேடாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேப்பமரத்திலிருந்து சற்றுத் தள்ளி என்று ஞாபகம். எவ்வளவு தள்ளி? இந்த மேடா, அடுத்ததா? மரத்தை ஒட்டி ஒரு மேடு மட்டும் கொஞ்சம் உருவம் குலையாமல் இருந்தது. இதுவாகத்தான் இருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு பூவை அதன் மேல் வைத்தேன். கேட்டில் அவள், "வெச்சீங்களாக்கா?" என்றாள். "வெச்சேன்" என்றேன். அதைச் சொல்ல எனக்குச் சிரமமே படவில்லை.

குழி வெட்டுகிற பெரியவர் ஒருவர் எங்களிடம் ரொம்ப வருடமாக இருக்கிறார். மார்கழி அமாவாசை அன்று நான் அந்த மேட்டில் பூ வைப்பதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"இன்னாம்மா, இதுக்குப் போயி பூ வெக்கிறீங்க? இதுக்குத்தான் யாருமே இல்லியே."

ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் வந்த குழந்தை அது. பிறந்து இரண்டு நாள், ஆண். விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வேன்காரர் கேட்டுக்கு இந்தப் பக்கம் வரப் பயந்து இவர் கையில் கொடுத்திருக்கிறார். யாரும் இல்லாததற்கு நிழலாவது இருக்கட்டும் என்று மரத்தடியில் இவரே தனியாகத் தோண்டி வைத்திருக்கிறார். அதனால்தான் அந்த இடம் அவருக்குத் தப்பாது.

அந்தப் பெண்ணின் குழந்தை எங்கே என்று கேட்டேன். அன்றைக்கு அவர் இல்லை. தென்னேரியில் அவர் மகளுக்குக் கல்யாணம், ஒரு வாரம் லீவு. தோண்டியது ஒப்பந்தத்தில் வந்த வேறொரு ஆள். அவன் வேலையை விட்டு எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. அவனைக் கண்டுபிடித்திருந்தாலும் அவனுக்கு என்ன நினைவிருக்கப் போகிறது.

தை அமாவாசைக்குள் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரக்கப்பட்டு மறைத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நிஜம் அதுவல்ல, வெட்கம். நோட்டைப் பார்க்காமல் இடம் சொல்கிறவள் என்று பெயர் எடுத்தவள், ஒரு குழந்தையைத் தொலைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அதனால் பூவை வாங்கினேன். வாங்கியதை எங்காவது வைக்க வேண்டுமே, அதே வேப்பமரத்தடியில் வைத்தேன். மாசி, பங்குனி, சித்திரை என்று அது பாட்டுக்குப் போனது. ஒரு பொய்யை முதல் தரம் சொல்லத்தான் யோசனை வேண்டும். பிறகு அதுவும் கையெழுத்துப் போடுவதைப் போல ஆகிவிடுகிறது.

அடுத்த வருடம் அவள் மறுபடி உண்டானாள். அப்போது கேட்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. எதிர்ச்சாரியில் பேக்கரி வாசலில் நிற்பாள். லாரி, பஸ் எல்லாவற்றுக்கும் கை காட்டிவிட்டு நான் ரோட்டைத் தாண்டிப் போய்ப் பூவை வாங்கி வருவேன். வயிறு பெரிதாக ஆக எனக்குப் பயமும் கூடிக்கொண்டே போனது. நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவளுக்காக மட்டும் அல்ல. இதற்கும் ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவமும் என் தலையில் விடியும் என்று நினைத்தேன். பையன் பிறந்தான். பிரசவத்துக்குப் போன இரண்டு மாதம் மட்டும் அவள் வரவில்லை.

மூன்றாம் மாதம் வந்தாள். குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். முகத்தில் சிரிப்புகூட இருந்தது.

"அக்கா, இன்னிக்கு நானே வெக்கிறேன். எங்க அத்தையே போயிட்டு வான்னுடுச்சி. இனிமே இன்னா பயம்?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கு வேலை நடக்கிறது, அப்புறம் வா என்று சொல்லியிருக்கலாம். அவள் என்னைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். முதல் தடவை உள்ளே வருகிறவள் எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டு, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பெரியவர்களின் கல்வரிசையைக் கடந்து, வடக்கு மதிலோரம் போய், வேப்பமரத்தடியில் நின்றேன். என் கால் பழக்கத்தில் அங்கேதான் போனது.

"இதுவா?" என்றாள்.

நான் தலையைக்கூட ஆட்டவில்லை. அவளே உட்கார்ந்துவிட்டாள். மேட்டின் மேல் விழுந்திருந்த வேப்பம் பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். பூவை வைத்தாள். "தம்பி பொறந்திருக்கான்டா கண்ணு. உன்னாட்டமே மூக்கு" என்று ஆரம்பித்து, தாழ்ந்த குரலில் என்னென்னவோ சொன்னாள். நான் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது முடிந்ததும் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து விரித்தாள். தலைமாட்டுப் பக்கம் விரலால் கீறி ஒரு பிடி மண்ணை அள்ளினாள். "வீட்டாண்ட துளசிச் செடியில போட்டுடுறேங்க்கா. கூடவே இருக்கட்டும்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அது உன் பொண்ணு இல்லம்மா" என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாரச் சொன்னதும் மழையும், குழி வெட்டுகிற பெரியவர் சொன்னதும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போது என் குரல் விண்ணப்பம் படிக்கிற குரலாக இருந்தது. வேறு குரல் எனக்கு வரவில்லை.

"அப்போ இது யாரு?"

"யாரும் இல்லாத புள்ளம்மா. ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போயிட்டாங்க."

"என்னுது எங்க?"

"தெரியலை."

"இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"தெரியலைம்மா."

கைக்குட்டையில் இருந்த மண்ணை அவள் உதறவில்லை. எடுத்த இடத்திலேயே கொட்டி, உள்ளங்கையால் தட்டிச் சமமாக்கினாள். தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரித்தான் தட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எத்தினி நாளா தெரியும் உங்களுக்கு?"

"மொத வருஷம் மார்கழியிலருந்து."

விரல் விட்டு எண்ணினாள். "மொத மூணுதான் என் பொண்ணுக்குப் போயிருக்குது" என்றாள். "அப்பாலும் வாங்கிக்கினுதானே இருந்தீங்க."

திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். எழுந்து, அங்கே கிடந்த மேடுகளை எல்லாம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு எதையும் மிதித்துவிடக் கூடாது என்று ஒவ்வோர் அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்து வெளியே போனாள். நான் கூடப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் கணவன் வந்தான். ஜன்னலில் அவன் முகத்தைப் பார்த்ததும் அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று எழுந்து நின்றேன். மனு கொடுக்கட்டும், மேலிடத்துக்கு எழுதட்டும், ஒப்புக்கொள்கிறேன் என்று தயாராகத்தான் இருந்தேன். அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக வடக்கு ஓரம் போனான். கேட்டிலிருந்து அடி அளந்து பார்த்தான். மரத்திலிருந்து அளந்து பார்த்தான். இங்கே நிற்பான், இல்லை என்று தலையை ஆட்டுவான், அங்கே போய் நிற்பான். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் அலுவலகத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டான். நான் துண்டு எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "இன்னும் ஆழமா நட்டிருக்கணும் மேடம். கைக்கு வந்த ஆழத்துக்கு நட்டுட்டு ஓடிட்டேன்."

தப்பு என்னுடையது என்றேன். அவன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. துண்டை மடித்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அதன் பிறகு குழந்தைகள் பகுதிக்கு நான் வரிசை போட்டேன். அனுமதி கேட்கவில்லை. ஒவ்வொரு மேட்டுக்கும் தலைமாட்டில் எண் எழுதிய ஓட்டுத் துண்டு ஒன்று, பதிவேட்டில் அதே எண். கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று செய்தேன், இதுவரை யாரும் கேட்கவில்லை. இப்போது வருகிற அம்மாக்கள் கேட்டில் நின்று கேட்டால் எண்ணைச் சொல்வேன். ஆனால் பழைய மேடுகளுக்கு எண் போட என்னிடம் எதுவும் இல்லை. மேட்டுத் தடம் தெரிந்த முப்பத்தாறு இடத்தில் வெறும் ஓட்டுத் துண்டை ஊன்றி வைத்தேன். அதைச் செய்த அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை. என் கணவர் என்ன என்று கேட்டார், தலைவலி என்றேன்.

மூன்று அமாவாசை அவள் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் வெளியே போய் எதிர்ச்சாரி வரைக்கும் பார்த்துவிட்டு வந்தேன். வேப்பமரத்தடியில் அவள் வைத்த பூ நாராகிக் காற்றில் போய்விட்டது. நான் வாங்கி வைத்திருக்கலாம். எனக்கு அந்த உரிமை இல்லை என்று பட்டது.

நாலாவது அமாவாசைக்கு வந்தாள். பழைய இடத்திலேயே, கேட்டுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். பையன் இடுப்பில் இருந்தான். மூக்கு அவள் சொன்னதைப் போலத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியாது, அந்தக் குழந்தையை நான் துணியில் சுற்றியிருக்கும்போதுதான் பார்த்தேன். கையில் அதே மாதிரி வாழையிலைப் பொட்டலம்.

"மேடம்" என்றாள். அதுவரைக்கும் அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "அந்த வேப்பமரத்துப் புள்ளைக்கு வெச்சிடுங்க. ரெண்டு வருஷமா பூ வாங்கிப் பழகிடுச்சி. திடுக்குனு நிறுத்திட்டேன், நாலு மாசமா அதுவும் பார்த்துக்கினு இருந்திருக்கும்."

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு முழம்தான் இருந்தது. "உன் பொண்ணுக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

பையன் கேட்டுக் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவன் கையை விடுவித்தாள்.

"உள்ள வாம்மா" என்றேன். "நீயே வந்து வையேன். நான் கூட வரலை. தனியா போயிட்டு வா."

"வேணா மேடம்" என்றாள். "உள்ள வந்தா எந்தப் பக்கம் பாத்து அழுவறதுன்னு தெரியலை."